வீட்டுச் சண்டை வேலையிடம்வரை வந்தால்: ஒன்ராறியோ வைத்தியசாலைகளும் 32.0.4ஆம் பிரிவும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வைத்தியசாலையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்பவர்களுக்கு "வேலைத்தல வன்முறை" என்ற பெயரில் ஒரு ஒன்லைன் பயிற்சி வரும். அதன் நடுவில் எங்கோ ஒரு பக்கம் வீட்டு வன்முறை பற்றியது. அநேகம் பேர் அதை வாசிக்காமலே "நெக்ஸ்ட்" அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டால், புருசன் பெண்சாதி பிரச்சினைக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம், மனேஜர் ஏன் இதற்குள் தலையிட வேண்டும் என்பார்கள். பாதிக்கப்பட்டவரின் பயம் வேறு: சொன்னால் பொலிஸுக்குப் போய்விடுமா, வேலை போய்விடுமா, விசா என்னாகும்?

இந்தக் குழப்பங்கள் நியாயமானவைதான். ஒன்ராறியோவின் தொழில் சுகாதார பாதுகாப்புச் சட்டத்தில் (தலைப்பில் உள்ள 32.0.4 அதன் ஒரு பிரிவு) எழுதியிருப்பதும் ஊரில் பேசப்படுவதும் வெவ்வேறாக இருக்கின்றன. அடியிலிருந்து பார்ப்போம்.

எதை வீட்டு வன்முறை என்கிறோம்

அடிப்பது மட்டும் என்று நினைத்தால் பாதிக்கு மேல் கண்ணில் படாமல் போகும். மிரட்டுவது, விருப்பமில்லாத உடலுறவு, சம்பளம் விழும் கணக்கைத் தன் கையில் வைத்திருப்பது, போனை எடுத்துப் பார்ப்பது, வேலை முடியும் நேரத்துக்கு முன்பே வந்து வாசலில் காரை நிறுத்திவிட்டு யாரோடு வெளியே வருகிறார் என்று கவனிப்பது, பிரிந்த பிறகும் பின்தொடர்வது எல்லாமே இதில் அடங்கும். தாக்குபவர் கணவராக இருக்கலாம், பழைய காதலனாக இருக்கலாம், மாமனாராகவோ அண்ணனாகவோகூட இருக்கலாம். ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள். ஆனால் கொலையில் முடியும் வழக்குகளில் பெரும்பாலும் பெண்தான் சாகிறார் என்பதாலும் தாதிகளிலும், நோயாளிகளையும் முதியோரையும் பராமரிக்கும் பிஎஸ்டபிள்யூக்களிலும் பெண்களே அதிகம் என்பதாலும் இங்கே பெண்ணை வைத்தே எழுதுகிறேன்.

இது எவ்வளவு பரவலானது என்பதற்குக் கனடாவில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. கனடியத் தொழிலாளர் காங்கிரசும் வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில் 8,429 பேர் பதில் சொன்னார்கள். அவர்களில் 33.6 சதவீதம் பேர் வாழ்க்கையில் எப்போதாவது துணைவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். அந்த அனுபவம் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், வேலையிடத்திலோ அதன் அருகிலோகூட அது தொடர்ந்தது என்றார்கள்: ஓயாத போன், மெசேஜ், வாசலில் வந்து நிற்பது, கூட வேலை செய்பவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பது. அந்த அனுபவம் உள்ளவர்களில் 8.5 சதவீதம் பேர் இதனாலேயே ஒரு வேலையை இழந்திருக்கிறார்கள்.

வின்சரில் நடந்தது

2005 நவம்பர் 12, ஒரு சனிக்கிழமை. வின்சர் நகரின் ஹோட்டல் டியூ கிரேஸ் வைத்தியசாலையில் பணியில் இருந்த தாதி லோரி டுபொன்ட் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் வெளியாள் இல்லை. அதே வைத்தியசாலையின் மயக்க மருந்து வைத்தியர், அவருடைய முன்னாள் துணைவர். பிறகு அவர் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார்.

இதை ஒரு தனிமனித வெறி என்று ஒதுக்கிவிட முடியாதபடி, முன்னால் நடந்தவை எல்லாம் பலருக்கும் தெரிந்திருந்தன. உறவு முறிந்தபோது அந்த வைத்தியர் தற்கொலைக்கு முயன்றிருக்கிறார். விடுப்பில் போய்விட்டு மீண்டும் வேலைக்கு வந்திருக்கிறார். லோரி அவரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு "பீஸ் பொண்ட்" எனப்படும் நீதிமன்ற ஆணைக்கு விண்ணப்பித்திருந்தார், அது விசாரணைக்குக் காத்திருந்தது. கூட வேலை செய்த தாதிகள் கவலையை வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் அந்த வார இறுதியில் இருவருக்கும் ஒரே நாளில் ஷிப்ட்.

2007இல் நடந்த மரண விசாரணையில் ஜூரிகள் 26 பரிந்துரைகளைக் கொடுத்தார்கள். அங்கே திரும்பத் திரும்ப வந்த விஷயம் ஒன்று வைத்தியசாலைக்கே உரியது. வைத்தியர்களில் பெரும்பாலானோர் அங்கே சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர்கள் இல்லை. வைத்தியசாலையின் நிர்வாக சபை அவர்களுக்கு "பிரிவிலேஜ்" எனப்படும் பணி உரிமையைக் கொடுக்கிறது, அதைப் பறிப்பதற்கு வைத்தியர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு, சபை, மேன்முறையீடு என்று நீளமான பாதை உண்டு. ஒரு தாதி இப்படி நடந்திருந்தால் எச்ஆர் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருக்கும். வைத்தியர் என்றால் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். அந்தப் படிநிலை இன்றைக்கும் முழுக்கப் போய்விடவில்லை என்றுதான் நான் சொல்லுவேன்.

இந்த மரணமும் அதைச் சுற்றி ஒன்ராறியோ தாதியர் சங்கம் நடத்திய போராட்டமும் தொழில் சுகாதார பாதுகாப்புச் சட்டத்தில் பில் 168 என்ற திருத்தத்துக்கு வழிவிட்டன. 2009 டிசம்பரில் நிறைவேறி 2010 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தது.

வைத்தியசாலை ஏன் தனி ரகம்

ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேறினால் விலாசத்தை மாற்றலாம், போன் நம்பரை மாற்றலாம், பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் மாற்றலாம். வேலையை மாற்றுவது லேசில்லை, வாடகை அதில்தான் ஓடுகிறது. ஆகவே அவரைத் தேடுபவருக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம் என்று கடைசியில் மிஞ்சுவது வேலையிடம்தான். காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும், அவர் எந்தப் பார்க்கிங்கில் நிறுத்துவார், எந்தக் கதவால் உள்ளே போவார் எல்லாம் அந்த ஆளுக்குத் தெரியும். சட்டம் முதலாளியின் தலையில் பொறுப்பைச் சுமத்துவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. குடும்பத்தைச் சேர்த்துவைக்கச் சொல்லியோ பிரித்துவிடச் சொல்லியோ அது கேட்கவில்லை, அந்த நிச்சயத்தை உடைக்கச் சொல்கிறது.

வங்கியையோ தொழிற்சாலையையோ விட வைத்தியசாலையில் இது கடினம். 24 மணி நேரமும் கதவு திறந்திருக்கும், பூங்கொத்தோடு வருபவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. வார்டு போனுக்கு நாள் முழுக்க யார் யாரோ எடுப்பார்கள், அதில் எது நோயாளியின் உறவினர், எது மிரட்டல் என்று பிரிப்பது சுலபமில்லை. இந்த வாரம் யார் எந்த ஷிப்ட் என்பது தாதியர் மேசைக்குப் பின்னால் தாளில் ஒட்டியிருக்கும். தம்பதிகள் ஒரே கட்டடத்தில் வேலை செய்வதும் சாதாரணம். வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் பிஎஸ்டபிள்யூவின் நிலைமை இன்னும் மோசம், அவருக்குப் பாதுகாப்பு மேசையும் இல்லை, கூட ஆளும் இல்லை. டொரொண்டோப் பக்கம் ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் நம் தமிழர்கள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். கணவரே காரில் கொண்டுபோய் விட்டு, வெளியே காத்திருந்து, அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போவதைப் பார்த்துவிட்டு "எவ்வளவு அக்கறை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சில வீடுகளில் அது அக்கறைதான். சில வீடுகளில் காவல்.

சட்டம் என்ன சொல்கிறது

தொழில் சுகாதார பாதுகாப்புச் சட்டத்தில் பார்க்க வேண்டியவை இவை.

1. பிரிவு 32.0.4. வீட்டு வன்முறையால் ஒரு ஊழியருக்கு வேலையிடத்தில் உடல் காயம் ஏற்படக்கூடும் என்று முதலாளிக்குத் தெரியவந்தால், அல்லது நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், அந்தச் சூழ்நிலையில் நியாயமான எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுக்க வேண்டும். "தெரிந்திருக்க வேண்டும்" என்பதில்தான் பல்லு இருக்கிறது. அந்தப் பெண் வாய் திறந்து முறையிடாவிட்டாலும், ரிசப்ஷனில் இருப்பவருக்கும் செக்யூரிட்டிக்கும் ஷிப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்சுக்கும் தெரிந்திருந்தால், எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று நிர்வாகம் தப்ப முடியாது.

2. அதே பிரிவின் எல்லை. வீட்டுக்குள் நடப்பதைத் தடுக்கும் கடமையை இது முதலாளிக்குக் கொடுக்கவில்லை. வேலையிடத்தில் உடல் காயம் ஏற்படும் வாய்ப்பு இருந்தால்தான் இந்தக் கடமை எழும். மனிதாபிமானத்தில் அதற்கு மேலும் செய்யலாம், சட்டத்தில் அதுதான் கோடு.

3. பிரிவு 32.0.5. வன்முறை வரலாறு உள்ள ஒருவரை வேலையில் எதிர்கொள்ள நேரலாம், அதனால் காயம் ஏற்படலாம் என்றால், அவரைப் பற்றிய தகவலை, தனிப்பட்ட தகவல் உட்பட, சம்பந்தப்பட்ட ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் பாதுகாப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. செக்யூரிட்டிக்கு அந்த ஆளின் படமும் கார் விபரமும் போதும், அவர்களின் திருமணக் கதை தேவையில்லை.

4. பிரிவு 43. வன்முறை ஆபத்து இருந்தால் வேலை செய்ய மறுக்கலாம். வைத்தியசாலை ஊழியர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: மறுப்பதால் நோயாளியின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ நேரடியாக ஆபத்து வரும் என்றால் மறுக்க முடியாது. அதாவது ஐசியூவில் தன் நோயாளியை அப்படியே விட்டுவிட்டு வெளியேற முடியாது. வேறொருவரை அந்த இடத்துக்கு உடனே அனுப்பும் ஏற்பாடு இதனால்தான் முக்கியமாகிறது.

லீவு வேறு சட்டத்தில் வருகிறது. 2018 ஜனவரி 1 முதல், தொடர்ச்சியாக 13 வாரம் வேலை செய்த ஒருவர் வீட்டு வன்முறை அல்லது பாலியல் வன்முறை காரணமாக ஆண்டுக்கு 10 நாள், அதற்கு மேல் 15 வாரம்வரை லீவு எடுக்கலாம். முதல் ஐந்து நாளுக்குச் சம்பளம் உண்டு. வீடு மாறுவதற்கு, வக்கீலைப் பார்ப்பதற்கு, பிள்ளையைக் கவுன்சிலிங்குக்குக் கொண்டுபோவதற்கு என்று எதற்கும் எடுக்கலாம். இப்படி ஒரு லீவு இருப்பதே தெரியாமல் சுகவீன லீவை முடித்துவிட்டு வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணில் படுபவை

கண்ணுக்குக் கீழே நீலக்காயம் என்பதெல்லாம் படத்தில் வரும் அடையாளம். வைத்தியசாலை ஊழியர் காயத்தை எப்படி மறைப்பது என்று நன்றாகவே அறிந்தவர். கோடையிலும் ஸ்க்ரப்ஸுக்கு உள்ளே முழுக்கைச் சட்டை போட்டிருப்பார், கேட்டால் வார்டு குளிர் என்பார். போன் அதிர்ந்ததும் மருந்து ட்ரொலியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் எடுப்பார். ஓவர்டைம் என்றால் முன்பு சந்தோசமாக எடுத்தவர் இப்போது "அவரிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்பார். சில நேரம் இதற்கு நேர் எதிராக, வீட்டுக்குப் போகவே விருப்பமில்லாமல் எல்லா இரவு ஷிப்டையும் கேட்டு வாங்குவார். சம்பள நாளிலும் கையில் காசு இருக்காது. இவற்றில் ஏதோ ஒன்றை வைத்து முடிவுக்கு வர முடியாது, முன்பிருந்த ஆள் இப்போது எப்படி மாறியிருக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆபத்து கூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. ஒன்ராறியோவில் குடும்ப வன்முறை மரணங்களை ஆராய 2003இல் அமைத்த குழு, ஆண்டுக்காண்டு அறிக்கைகளில் ஒரே காரணிகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது: பழைய வன்முறை, நடந்த அல்லது நடக்கவிருக்கும் பிரிவு, விடாமல் பின்தொடரும் குணம், தாக்குபவரின் மனச்சோர்வு, அவருடைய தற்கொலை மிரட்டல். கடைசியாகச் சொன்னதை நம் ஆட்கள் பெரும்பாலும் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். "நீ போனால் செத்துப்போவன்" என்பதைப் பாசம் என்று நினைத்து இரங்குகிறார்கள். அது அபாய மணி, வின்சரிலும் அது முன்கூட்டியே அடித்திருந்தது. எப்போதாவது கழுத்தை நெரித்திருந்தால் அதுவும் அப்படித்தான். வெளியில் தழும்பு தெரியாமல் இருக்கலாம், ஆனால் பின்னாளில் கொலையில் முடியும் அபாயம் அதனால் பல மடங்கு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜாக்குலின் கேம்ப்பெல் 1980களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுக் கேள்விகளில் கழுத்து நெரிப்புக்கும் இடம் உண்டு. அவரும் ஒரு தாதிதான்.

எப்படிக் கேட்பது

தனியாகக் கேட்க வேண்டும். சாப்பாட்டு அறையில் வேண்டாம். அவருடைய சொந்தக்காரர் யாராவது அதே தளத்தில் வேலை செய்தால் அவர் காதில் விழாத இடத்தில். நம் சமூகம் சின்னது, தமிழ் சூப்பர்வைசர் என்பதாலேயே வாய் திறக்கப் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கண்ணால் பார்த்ததைச் சொல்லித் தொடங்கினால் போதும்: "கொஞ்ச நாளாய் போன் அடிச்சாலே பதறுறீங்கள், அதான் கேக்கிறன். கதைக்க விருப்பம் எண்டால் நான் இருக்கிறன், இப்ப வேண்டாம் எண்டாலும் சரி." இல்லை என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். ஆனால் கதவு சாத்தப்படவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஏன் நீர் இன்னும் விட்டுட்டு வரேல்லை?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். "நான் அவரோட கதைச்சுப் பாக்கட்டோ?" என்பது அதைவிட ஆபத்து. விஷயம் வெளியே போய்விட்டது என்று அந்த ஆளுக்குத் தெரிந்த இரவுதான் பெரும்பாலும் அடி விழுகிறது.

இன்னொன்று, "ஒருவருக்கும் சொல்லமாட்டன்" என்று சத்தியம் செய்யக் கூடாது. வேலையிடத்துக்கு ஆபத்து இருந்தால் மேலே சொல்ல வேண்டிவரும். பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் சில்ரன்ஸ் எய்டு எனப்படும் சிறுவர் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவிப்பது ஒன்ராறியோவில் எல்லோருக்கும் சட்டக் கடமை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், எவ்வளவு சொல்வது என்று அவரே முடிவெடுப்பார்.

பாதுகாப்புத் திட்டம்

பல இடங்களில் கவுன்சிலிங் நம்பர் எழுதிய அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது உதவிதான், ஆனால் 32.0.4 கேட்பது அதையல்ல. கேட்பது மிகச் சாதாரணமான, கொஞ்சம் அலுப்பான வேலைகளை:

1. ஷிப்டை மாற்றுவது, வேறு தளத்துக்கோ வேறு கிளைக்கோ அனுப்புவது. அவர் கேட்டால் மட்டும். பாதுகாப்பு என்ற பெயரில் மணித்தியாலங்களைக் குறைத்தால் அது தண்டனையாகிவிடும்.
2. அட்டவணையைச் சுவரிலிருந்து எடுப்பது, போனில் "அவ இண்டைக்கு வேலையோ?" என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவான விதி வைப்பது. அவர் ஒருவருக்கு மட்டும் வைத்தால் அதுவே கதையாகிவிடும்.
3. வாசலுக்குக் கிட்ட வெளிச்சமான பார்க்கிங், இரவில் செக்யூரிட்டியோடு நடந்து போகும் ஏற்பாடு.
4. கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான். அந்த ஆள் வந்தால் யார் "கோட் வைட்" (வன்முறை நடக்கிறது என்று வைத்தியசாலைக்குள் கொடுக்கும் அவசர அழைப்பு) கூப்பிடுவது, யார் 911 என்பதை முன்பே பேசி வைப்பது.
5. நீதிமன்ற ஆணை இருந்தால் அதன் பிரதி செக்யூரிட்டியிடம். அதில் வேலையிடத்தின் விலாசமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வீட்டு விலாசம் மட்டும் எழுதிய ஆணைகளும் உண்டு.
6. அவர் காயத்தோடு அதே வைத்தியசாலைக்கு நோயாளியாக வந்தால், சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத ஊழியர் யாரும் கோப்பைத் திறந்து பார்க்காதபடி பூட்டுவது. அக்கறையில்தான் பார்த்தேன் என்றாலும் அது தனியுரிமைச் சட்டத்தை மீறுவது.

தாக்குபவரும் அங்கேயே வேலை செய்பவர் என்றால் யாரை இடம் மாற்றுவது என்ற கேள்வி வரும். வழக்கமாக நிர்வாகம், லேசாக நகர்த்தக்கூடியவரைத்தான் நகர்த்தும். அது பெரும்பாலும் அந்தப் பெண். வைத்தியர், மூத்த தொழில்நுட்பவியலாளர் என்று ஈடு செய்யக் கடினமானவரைத் தொடாமல், சுலபமாக மாற்றக்கூடியவரை மாற்றுவது திட்டமில்லை, சமாளிப்பு. யூனியன் இங்கேதான் கத்த வேண்டும்.

அடிக்கடி வரும் பயங்கள்

மனேஜரிடம் சொன்னால் பொலிஸுக்குப் போகுமா? வயது வந்த ஒருவர் மீதான வீட்டு வன்முறையைப் பொலிஸுக்கு அறிவிக்கும் பொதுக் கடமை முதலாளிக்கோ வைத்தியருக்கோ ஒன்ராறியோவில் இல்லை. துப்பாக்கிச் சூட்டுக் காயம் விதிவிலக்கு, அதை வைத்தியசாலை அறிவித்தே ஆக வேண்டும். ஆனால் பொலிஸ் வந்தபிறகு கதை வேறு. குற்றம் நடந்ததற்கு நியாயமான ஆதாரம் இருந்தால் அவர்கள் குற்றம் சாட்டத்தான் வேண்டும் என்பது நடைமுறை. "நான் கேஸை வாபஸ் வாங்கிறன்" என்று அந்தப் பெண் சொல்லி நிறுத்த முடியாது, முடிவு அரசுத் தரப்பு வக்கீலின் கையில். இதைத் தெரியாமல் மிரட்டிவைக்கலாம் என்று 911 எடுத்துவிட்டுப் பிறகு திகைத்துப்போகும் குடும்பங்கள் நம்மிடையே கொஞ்சமில்லை.

ஸ்பொன்சர் பண்ணிய கணவர் திருப்பி அனுப்பிவிடுவாரா? வதிவிட உரிமை கிடைத்தபின் அவரால் அதைப் பறிக்க முடியாது. ஒரு காலத்தில், இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தர வதிவிடம் நிலைக்கும் என்று சில தம்பதிகளுக்கு நிபந்தனை இருந்தது. அது 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. வதிவிட உரிமை இன்னும் கிடைக்காதவர்களுக்கும் 2019 ஜூலை முதல், குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கான தற்காலிக அனுமதி ஒன்று இருக்கிறது. பழைய விதியை இன்றும் சொல்லி மிரட்டும் கணவர்மார் இருக்கிறார்கள்.

இங்கிலிஷ் வராதே? 1-866-863-0511 என்ற ஒன்ராறியோ உதவி எண்ணுக்கு எந்த நேரமும் எடுக்கலாம், மொழிபெயர்ப்பாளரோடு தமிழில் பேசலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. வீட்டு போனில் எடுக்காமல் வேலையிடத்துப் போனில் எடுப்பது நல்லது.

நிர்வாகம் ஒன்றும் செய்யாமல் இருந்தால்? முதலில் எழுத்தில் கொடுங்கள், ஒரு இமெயில் போதும், திகதியோடு. "தெரியாது" என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது வேலையிடத்தின் கூட்டுச் சுகாதாரப் பாதுகாப்புக் குழு, யூனியன் இருந்தால் யூனியன். அதற்கும் அசையாவிட்டால் தொழில் அமைச்சின் 1-877-202-0008 என்ற எண்ணுக்கு எடுத்து முறையிடலாம், பெயர் சொல்லாமலும் முறையிடலாம். முறையிட்டதற்காக ஷிப்டை வெட்டினாலோ வேலையை விட்டு நிறுத்தினாலோ அது 50ஆம் பிரிவின்படி பழிவாங்கல், அதற்குத் தொழிலாளர் உறவுச் சபைக்குப் போகலாம். யூனியன் இருப்பவர்கள் அதற்குப் பதிலாக யூனியன் மூலம் கிரீவன்ஸ் எனப்படும் முறைப்பாடு போடலாம். இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போக முடியாது.